கிளிப்பச்சை ஸ்வெட்டர்

உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் கண்ணைப் பார்க்காமல் கழுத்தையும் தோளையும் மாறி மாறிப் பார்க்கிறாரா? பேச்சின் நடுவே, "கொஞ்சம் கையைத் தூக்குங்க" என்கிறாரா? தூக்கிய கையை மணிக்கட்டிலிருந்து கக்கம் வரைக்கும் சாண் போட்டு அளந்துவிட்டு, ஏதோ ஒரு எண்ணை முணுமுணுத்துக்கொண்டே போய்விடுகிறாரா? பயப்பட வேண்டாம். அவர் திருடரும் அல்ல, வைத்தியரும் அல்ல. பின்னல்காரர். இன்னும் ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்வெட்டர் வந்து சேரும். பயப்பட வேண்டாம் என்றது அவசரத்தில் சொன்னது. பயப்படலாம்.

இந்த இனம் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்து அங்கேயே பின்னிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அது மதுரையில்தான் பிறக்கும். பங்குனி பிறந்ததும் தெருநாய்கூட நிழல் பார்த்துக் காலெடுத்து வைக்கிற ஊரில், மின்விசிறியை ஐந்தில் சுழலவிட்டு, நெற்றி வியர்வையை முந்தானையில் ஒற்றிக்கொண்டு, மடியில் கம்பளி நூல் உருண்டையும் கையில் இரண்டு ஊசியுமாக, பனிமலையில் படை நடத்தப் போகிற ராணுவத்துக்குச் சட்டை தைக்கிற அவசரத்தோடு உட்கார்ந்திருக்கும். யாருக்கு என்று கேட்டுவிடாதீர்கள். உங்களுக்குத்தான் என்று பதில் வரும்.

கோச்சடை முனீஸ்வரி இந்த இனத்தில் அசலானவள். வயது ஐம்பத்து நான்கு. கொரோனாவுக்கு ஊர் முடங்கிக் கிடந்தபோது, ஊரெல்லாம் முறுக்குச் சுடவும் மாடித் தோட்டம் போடவும் கற்றுக்கொண்டிருக்க, இவள் போனில் ஒரு வடநாட்டு அம்மாள் ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்தாள். அந்த அம்மாள் பேசிய இந்தியில் ஒரு வார்த்தை இவளுக்குப் புரியவில்லை. வாயைப் பார்த்தால்தானே புரிய வேண்டும்? கையைப் பார்த்தாள். மூன்றாவது நாள் ஒரு மஃப்ளர் பிறந்தது. ஊர் திறந்துகொண்டது. முனீஸ்வரி திறக்கவில்லை. அதன் பிறகு ஆறு வருடமாக ஊசி கீழே வைக்கப்படவே இல்லை.

அவள் கணவர் ஜெயபாண்டி அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர், இனிமேலாவது நிம்மதியாக உட்காரலாம் என்று வீட்டுக்கு வந்தார். உட்காரத்தான் சொன்னார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு. அந்தக் கைகளில் நூலை மாட்டிவிட்டு முனீஸ்வரி உருண்டை சுற்றுவாள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் சிக்கு விழும். சிக்கு விழுந்தால் அன்றைக்குச் சாயங்காலக் காப்பியிலும் சிக்கு விழும்.

அவளுடைய வேதவாக்கு ஒன்று உண்டு: "இந்த வரிசையை முடிச்சிட்டு வாரேன்." அடுப்பில் குக்கர் விசிலடிக்கிறது, வாசலில் தண்ணி லாரி ஹாரன் அடிக்கிறது, கொல்லையில் மழை வந்து காய்ந்த துணியெல்லாம் நனைகிறது. இந்த வரிசையை முடிச்சிட்டு வாரேன். ஒரு வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உலகத்தில் எந்தக் கடிகாரமும் சொன்னதில்லை. ஒருமுறை கொட்டாம்பட்டியிலிருந்து அவளுடைய சித்தி மகன் பத்திரிகை வைக்க வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து, ஜெயபாண்டியிடம் தாம்பாளத்தைக் கொடுத்து, மோர் குடித்து, விடைபெற்று, பஸ்ஸேறி ஊருக்கே போய்விட்டான். உள்ளேயிருந்து முனீஸ்வரி சிரித்த முகத்தோடு வந்து, "வாப்பா!" என்றாள். நாற்காலி மட்டும் இருந்தது.

நூல் விஷயத்தில் மட்டும் இவர்கள் சொல்வதை நம்பக் கூடாது. வீட்டில் இருக்கிற நூல் தீருகிறவரை புதிதாக வாங்குவதில்லை என்று முனீஸ்வரி மீனாட்சி மேல் ஆணையாகச் சொல்வாள். மறுநாள் ஜெயபாண்டி அரிசி ட்ரம்மில் படியை விட்டால் ஊதா நிற உருண்டை ஒன்று மேலே வரும். கிரைண்டர் வாங்கிய அட்டைப் பெட்டியில் நூல். கட்டிலுக்கடியில் நூல். ஒருநாள் பீரோவில் தன் வேட்டியைத் தேடியவர் வேட்டி இருந்த இடத்தில் நூலைக் கண்டார். வேட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் நூல்கடை வைத்திருக்கும் முஜிபுர் ரஹ்மான் பாய் இவளைக் கடைவீதியில் கண்டால் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "அக்கா, புதுக் கலர் வந்திருக்கு. வாங்க வேணாம். பாத்துட்டு மட்டும் போங்க." அவர் நல்ல மனுஷர். நல்ல வியாபாரியும்கூட.

பின்னி முடிப்பதோடு கதை முடியாது. கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு சாதிகாவுக்கு ஒரு சித்திரை மாதம் முழுக்கை ஸ்வெட்டர் போயிற்று. சாதிகா இங்கிதம் தெரிந்தவள்.

"மாஷா அல்லாஹ்! எம்புட்டு அழகா இருக்குக்கா! பீரோவுல பத்திரமா வச்சுக்கிறேன்."

"பீரோவுல வைக்கவா பின்னுனேன்? போட்டுக் காமி. ஒரே ஒரு போட்டோ."

சாதிகா போட்டாள். மொட்டைமாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று முனீஸ்வரி சொல்லிவிட்டாள். காலை பதினொன்றரை மணி. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது படம் எடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் சாதிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்காத ஒன்றில் அவள் கண்ணில் நீர் தளும்பியது. "பாருங்க, சந்தோசத்துல கண்ணு கலங்கிருச்சு" என்று எழுதி, தன்னைப் போன்ற பின்னல்காரிகள் நூற்றிருபது பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் அந்தப் படத்தைத்தான் முனீஸ்வரி போட்டாள்.

மகன் அருள்பாண்டி பெங்களூரில் வேலை பார்க்கிறான். குடும்பத்திலேயே குளிரடிக்கிற ஊரில் இருக்கிறவன் அவன் ஒருவன்தான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "இங்கே இப்பல்லாம் குளிரே இல்லம்மா." மகள் சுபலட்சுமி எழுமலையில் வாழ்க்கைப்பட்டவள், மாமனார் மாமியாரோடு இருக்கிறாள், கைக்குழந்தை சித்தார்த். அவள் தெளிவாகவே கேட்டாள்: "அம்மா, புள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. வரும்போது காட்டன்ல நாலு சட்டை வாங்கிட்டு வா." முனீஸ்வரி வந்தாள். கரடிக் காது வைத்த கம்பளிக் குல்லா கொண்டுவந்தாள்.

"நான் கேட்டது சட்டைம்மா."

"சட்டை கடையில கிடைக்கும்டி. இது கிடைக்குமா?"

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? கேட்டதைக் கொடுப்பது கடைக்காரன் வேலை. கேட்காததைக் கொடுப்பதுதான் பாசம். இது அவள் சித்தாந்தம். இதற்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். வியர்த்தும் போயிருக்கிறார்கள்.

அப்படி வியர்த்தவர்களில் முக்கியமானவர் சம்பந்தி பேயாண்டி. சுபலட்சுமியின் மாமனார். எழுமலையில் மக்காச்சோளம் போடுகிற விவசாயி. மேலில் துண்டு போடுவதையே இடைஞ்சலாக நினைக்கிறவர். போன வருடத் தீபாவளிச் சீரோடு அவருக்கு ஒரு ஸ்வெட்டர் போனது. ரத்தச் சிவப்பு. நெஞ்சின் குறுக்கே மின்னல் வெட்டியதுபோல் மஞ்சளில் மூன்று கோடு. நாற்பத்தேழு நாள் உழைப்பு. சம்பந்தி அம்மா கண்முன்னால் நிற்கிறாளே என்று மனுஷர் போட்டுக்கொண்டு நின்றார். "நல்லாருக்கு தங்கச்சி. கெதகெதன்னு இருக்கு" என்றார். முனீஸ்வரி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். பின்னல்காரர்கள் எதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கார்த்திகையில் பேரன் சித்தார்த்துக்குக் காதுகுத்து. பெங்களூரிலிருந்து தாய்மாமன் அருள்பாண்டி முதல்நாளே எழுமலைக்குப் போய்விட்டான். முனீஸ்வரியும் ஜெயபாண்டியும் காலையில் வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினார்கள். உசிலம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம். கதிர்கள் பால் பிடித்துப் பருத்து நின்றன. எழுமலைக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், முன்சீட்டில் இருந்த ஜெயபாண்டி எதையோ பார்த்தார். பார்த்ததும் சட்டென்று திரும்பி, வாழ்நாளில் இல்லாத குரலில், "முனீஸு, அந்தப் பக்கம் மலையைப் பாரேன், என்ன அழகு!" என்றார்.

முப்பது வருட மனைவி. கணவன் வலப்பக்கம் பார் என்றால் இடப்பக்கம் பார்க்கத் தெரியாதா?

இடப்பக்கம் பேயாண்டியின் காட்டுக்கு நடுவில் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று நின்றது. தலைக்குக் கரிச்சட்டி. சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி. நீட்டிய இரண்டு கை. உடம்பில் ரத்தச் சிவப்பு ஸ்வெட்டர். நெஞ்சின் குறுக்கே மூன்று மஞ்சள் மின்னல்.

"வண்டியை நிறுத்துங்க."

வண்டி நின்றது. முனீஸ்வரி இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். முதலில் நெஞ்சு திக்கென்றது. பிறகு முகம் சிவந்தது. இரண்டுக்கும் நடுவே, அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள், ஒரு கணம் வேறொன்றும் தோன்றியது: பேயாண்டி அண்ணனுக்குக் கை கொஞ்சம் நீளமாக இருந்தது, இதற்குக் கச்சிதமாக இருக்கிறது.

"நாற்பத்தேழு நாளு" என்றாள்.

ஜெயபாண்டி கும்பிடாத குறையாகச் சொன்னார்: "இன்னைக்கு எதையும் பேசாத தாயி. பேரன் விசேசம். ஊரே கூடியிருக்கும்."

"நான் பேச மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவள் பேசினால் பத்து நிமிடத்தில் முடியும். பேசவில்லை என்றால் பத்து வருடம்.

அவள் சொன்னபடியே செய்தாள். பேரனைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள், பிள்ளை அலறியது, ஊசி குத்தியது, எல்லாரும் வாயில் சீனியைப் போட்டுக்கொண்டார்கள். முனீஸ்வரி சிலையாக நின்றாள். பந்தியில் உட்காரவைத்தார்கள். கிடாக்கறி ஆவி பறந்தது. இலையைத் தொடவில்லை. எழுமலைப் பக்கம் கிடாவெட்டுப் பந்தியில் பொண்ணைப் பெற்றவள் கை நனைக்காமல் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பந்தியில் மென்றுகொண்டிருந்த வாய்கள்கூட நின்றன.

சுபலட்சுமி பரிமாறுகிற சாக்கில் குனிந்து காதோடு சொன்னாள்: "அம்மா, கையை வையி. நீ கோவிச்சுக்கிட்டு சாயந்தரம் மதுரைக்குப் போயிருவ. இங்கே இருக்கப்போறது நானு."

அந்தக் குரலில் இருந்த பயம் முனீஸ்வரிக்குக் கேட்டது. கை சோற்றருகே போனது. அந்த நேரம் பார்த்து, நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று பேயாண்டி வந்து நின்றார்.

"என்ன தங்கச்சி, எதுவும் குறையா?"

"ஒரு குறையும் இல்லண்ணே. உங்களுக்குப் பின்னுன ஸ்வெட்டரை இன்னைக்குப் போட்டுக்கிட்டு நிப்பீகன்னு பாத்தேன்."

பேயாண்டி தோளில் இல்லாத துண்டைத் தேடினார். "அது... பத்திரமா இருக்கு தங்கச்சி."

"ஆமாண்ணே, வரும்போது பாத்தேன். நல்லாக் காத்தாட நிக்கிது."

மருமகன் செல்வக்குமார் தண்ணீர் ஜக்கோடு அடுப்படிப் பக்கம் நழுவினான். அருள்பாண்டிக்குத் திடீரென்று போன் வந்தது. அடித்த சத்தம்தான் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அகப்பையோடு நடுவில் வந்து நின்றாள் சம்பந்தி அம்மா ஒச்சாயி. ஒச்சாயிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அதற்கெல்லாம் அவளுக்கு நேரமும் கிடையாது.

"அவுகளை ஏன் மதினி கேக்குறீக? நாந்தேன் மாட்டிவிட்டேன். போன வருசம் கிளி தின்னது போக மிச்சந்தேன் எங்களுக்கு. தகரத்தைத் தட்டிப் பாத்தோம், கலர் பேப்பர் கட்டிப் பாத்தோம், ஒண்ணுக்கும் அடங்கல. உங்க சட்டையைப் பொம்மைக்குப் போட்ட அன்னைலருந்து ஒத்தக் கிளி எறங்கல. தூரத்துல அந்தச் செவப்பைக் கண்டதும் வந்த வழியே திரும்புது. மனுசன் போட்டா வேர்க்குது. பொம்மை போட்டா வெள்ளாமை நிக்கிது. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. ஆனா வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க."

சொன்ன கையோடு முனீஸ்வரியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதாயிற்று. பின்னால் ஜெயபாண்டி, அவருக்குப் பின்னால் பேயாண்டி, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

கதிர் ஒன்றில்கூடக் கிளி கொத்திய தடம் இல்லை. முனீஸ்வரி பொம்மையின் முன்னால் போய் நின்றாள். கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவது என்றுதான் கையை நீட்டினாள். இடது கை ஓரத்தில் ஏதோ முள் இழுத்து ஒரு கண்ணி நழுவி, நூல் அரைச் சாண் பிரிந்து தொங்கியது. பின்னல்காரியால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும். நழுவிய கண்ணியைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கொண்டையில் எப்போதும் செருகியிருக்கும் பின்னல் ஊசியை உருவினாள். வெயிலில் நின்று கண்ணியை ஒவ்வொன்றாக மேலேற்றி முடிச்சுப் போட்டாள். பொம்மை கையை அசைக்கவில்லை. ஜெயபாண்டி அதைப் பொறாமையோடு பார்த்தார்.

அப்போது பக்கத்துக் காட்டுக்காரர் கருத்தக்கண்ணன் வரப்பேறி வந்தார். முகத்தில் நல்ல கோபம்.

"இந்தச் சட்டையைப் பின்னுனது நீங்கதானாத்தா? நியாயமா இது? இங்கே எறங்க வேண்டிய கிளி அம்புட்டும் என் காட்டுக்கு வந்துருச்சு. பாதிக் கதிரு போச்சு. பின்னுறதுதான் பின்னுறீக, ஊருக்கெல்லாம் சேத்துப் பின்ன வேண்டாமா?"

ஆறு வருடத்தில் முனீஸ்வரிக்கு எத்தனையோ பேர் 'அழகா இருக்கு' என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு மனுஷன் அவள் பின்னலின் பலத்தைக் கண்டு வயிறெரிந்து சண்டைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததைப் பார்த்த ஜெயபாண்டி, மூன்று மணி நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். பந்திக்குத் திரும்பினார்கள். முனீஸ்வரி மூன்று முறை கறி வாங்கிச் சாப்பிட்டாள். சுபலட்சுமி அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கிளம்புகிற நேரத்தில் ஒச்சாயி கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மதினி, நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்குறவ இல்ல. உங்ககிட்ட கேக்குறேன். கிழக்குக் காட்டுல பிந்தி வெதைச்சிருக்கோம். இன்னும் ஒரு மாசத்துல பால் பிடிச்சிரும். அதுக்கும் ஒண்ணு பின்னிக் குடுங்க. இதே செவப்பு. இதே மஞ்சக் கோடு."

கேட்டுவிட்டாள்.

முனீஸ்வரி சிரித்த முகத்தோடுதான் தலையாட்டினாள். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று அணைந்துபோனது. யாராவது ஒரு வாய் கேட்க மாட்டார்களா என்று ஆறு வருடம் ஏங்கியவள்தான். கேட்ட உடனே அது வேலையாகிவிட்டது. நிறம் சொல்கிறார்கள், கோடு சொல்கிறார்கள், தேதி சொல்கிறார்கள். இதில் பாசத்துக்கு எங்கே இடம்?

ஒரு வாரம் போனது. முனீஸ்வரி தண்ணீர்க் கேனுக்கு உறை பின்னினாள். டிவி ரிமோட்டுக்கு உறை பின்னினாள். ஜெயபாண்டியின் பைக் சீட்டுக்குக் கம்பளி விரிப்பு பின்னினாள். அவர் அதில் உட்கார்ந்து தல்லாகுளம் வரை போய்வந்து, அன்று முழுவதும் நின்றுகொண்டே இருந்தார்.

"சம்பந்தி கேட்டது என்னாச்சு?"

"அது ஆர்டருங்க. நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

இரண்டாவது வாரம் ஒச்சாயி போன் செய்தாள். "மதினி, பூட்டை வந்துருச்சு. சோளம் பூவெடுத்தாச்சு." இந்த வரிசையை முடித்துவிட்டுப் பேசுகிறேன் என்றாள் முனீஸ்வரி. மூன்று நாள் கழித்து மறுபடி போன். "மதினி, கதிரு கட்டுது." அன்று சாயங்காலமே சுபலட்சுமி பேசினாள். "அம்மா, எங்க அத்தை தன் கூடப்பொறந்தவுககிட்டகூட ஒண்ணு கேட்டதில்ல. உன்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருக்காங்க. தினமும் என் மூஞ்சியைப் பாக்குறாங்கம்மா. பின்னிக் குடுத்துரு."

மகள் சொன்னால் மனம் இளகாதா? மறுநாளே முனீஸ்வரி விளக்குத்தூண் சந்துக்குப் போனாள். சிவப்பு கேட்டாள். மஞ்சள் கேட்டாள். பாய் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அத்தோடு நிற்காமல், பின்னாலிருந்து இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது நேத்து வந்த கலருக்கா. வாங்க வேணாம். பாத்துட்டு மட்டும் போங்க."

கிளிப்பச்சை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தளிர்போல, தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளுமோ என்கிற பச்சை. முனீஸ்வரி பார்த்தாள். ஒச்சாயியின் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்தாள். திருவிழாக் கடையில் தொங்குகிற பலூன்போல அல்லவா இருக்கிறது? பாவம், வெயிலிலும் காட்டிலும் கிடக்கிற மனுஷி. அவளுக்கு இதைவிட நல்ல நிறம் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் இதைத்தானே கேட்டிருப்பாள்? கேட்கத் தெரியாமல் கேட்கிறவர்களுக்கு, அவர்கள் மனதில் இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதல்லவா உறவு?

உள்ளே அணைந்தது குப்பென்று பற்றிக்கொண்டது. சிவப்பும் மஞ்சளும் பாய் மேஜையிலேயே கிடந்தன.

பத்தொன்பது நாள் ஊசி ஓயவில்லை. நெஞ்சில் மறுபடியும் மின்னல் எதற்கு என்று, மஞ்சள் கலந்த வெண்மையில் ஒரு சோளக்கதிர் பின்னினாள். மணி மணியாக முத்து வைத்தாள். ஒரு கதிர் தனியாக நின்றால் நன்றாக இருக்காதே என்று நான்காக்கினாள். சட்டித்தலை வெயிலில் காய்கிறதே என்று அதே பச்சையில் ஒரு குல்லா. குல்லாவின் உச்சியிலும் ஒரு கதிர்.

ஜெயபாண்டி நூல் மாட்டிய கைகளோடு உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். யோசித்துவிட்டுக் கேட்டார்: "முனீஸு, இது கிளியை விரட்டுறதுக்குத்தான?"

"பின்னே?"

"கிளி என்ன கலரு?"

"உங்களுக்கு ரசனையே கிடையாது" என்றாள் முனீஸ்வரி. "கையை அசைக்காதீக."

எழுமலையில் தான் வைத்திருக்கும் கடைக்குச் சரக்கு எடுக்க மதுரை வந்த செல்வக்குமாரிடம் மார்கழி பாதியில் பொட்டலம் போனது. அவன் பிரித்துப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். "அத்தை... செவப்பு இல்லையா?" என்றான்.

"செவப்புதான் ஒண்ணு இருக்குல்ல மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசுவானா? மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு எழுமலையிலிருந்து போன் வரவில்லை. நல்லது, வேலை நடக்கிறது என்று முனீஸ்வரி நினைத்துக்கொண்டாள். பொங்கலுக்கு மறுநாள் சீர்வரிசையோடு போனார்கள். கரும்புக்கட்டை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக, "எங்கே மதினி கிழக்குக் காடு? ஒரு போட்டோ எடுக்கணும்" என்றாள்.

ஒச்சாயி முன்னால் நடந்தாள்.

பொம்மை நன்றாகத்தான் நின்றது. பச்சைச் சோளத்துக்கு நடுவே பச்சைச் சட்டையும் பச்சைக் குல்லாவுமாக, காட்டோடு காடாக, இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கவேண்டிய அழகோடு நின்றது. இடது தோளில் மூன்று கிளி. வலது கையில் நான்கு. குல்லாவின் மேல் உட்கார்ந்திருந்த ஒன்று கம்பளிக் கதிரைக் கொத்தி இழுத்து ருசி பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் பக்கத்திலிருந்த நிஜக் கதிருக்குத் தாவியது. அதிலும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கதிர்கள் வெறும் சக்கையாய் நின்றன. ஓரத்தில் பேயாண்டி தகர டின்னும் குச்சியுமாகக் குந்தியிருந்தார். பத்து நாளாக அவர்தான் பொம்மை. தொண்டை கட்டிப்போயிருந்தது. "வாங்க தங்கச்சி" என்றது காற்றாகத்தான் வந்தது.

முனீஸ்வரி ஒரு கதிரைத் தொட்டாள். வெறும் மட்டைதான் கையோடு வந்தது. ஒச்சாயி என்ன நிறம் கேட்டாள் என்பது, கேட்ட குரலோடும் கார் கதவைப் பிடித்திருந்த காய்த்துப்போன கையோடும் அவளுக்கு அப்படியே நினைவு வந்தது. சிவப்பு. மஞ்சள் கோடு. இரண்டும் பாய் மேஜையில் கண்முன்னால் இருந்தன. 'தப்புப் பண்ணிட்டேன் மதினி' என்று ஒரு வாக்கியம் நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெளியே வந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

அந்த நேரம் பார்த்துக் குல்லாவில் இன்னொரு கிளி வந்து உட்கார்ந்து, முனீஸ்வரி பின்னிய கதிரை அலகால் பிடித்தது.

"மதினி, பாத்தீகளா!" என்றாள் முனீஸ்வரி. கண்ணில் ஒளி வந்துவிட்டது. "கிளிக்கே நெசக் கதிருன்னு தோணுது!"

ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டார். பேயாண்டி டின்னைத் தட்ட மறந்தார். ஒச்சாயி அவளை நின்று பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது, சிரிப்பாகப் பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது. நாளைக்கும் நாளை மறுநாளும் இந்தப் பெண்ணின் மகளோடுதான் ஒரே அடுப்பில் பொங்க வேண்டும் என்று தெரிந்தவள் பார்க்கிற பார்வை அது.

"ஆமா மதினி" என்றாள் கடைசியில். "இனிமே உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

முனீஸ்வரி உருகிவிட்டாள். ஒச்சாயியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கேக்கவே வேணாம் மதினி! நானாப் பாத்துப் பின்னித் தருவேன்."

முடிந்தது. இந்த இனத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் ஊசியைத் தொட்டதே இல்லை, உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். நன்றாகச் சிரித்திருப்பீர்கள். 'அப்படியே நம்ம பெரியத்தை' என்று உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். இதை அவர் படித்தால் திருந்துவார், அவர் நல்லதுக்குத்தானே என்று, அவருக்கு அனுப்பி வைக்க இந்நேரம் போனைக் கையில் எடுத்திருப்பீர்கள்.

அனுப்புங்கள். ஆனால் ஒன்று. அவர் கேட்டாரா?